உத்திரமேரூர் வட்டாரத்தில் குடும்பக் கார்: நடுத்தர செடான் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

எஞ்சினுக்கு முன்புறம் ஓர் அறை, ஆட்களுக்கு நடுவில் ஓர் அறை, சாமான்களுக்குப் பின்புறம் மூடிய ஓர் அறை என மூன்று பகுதிகளாக அமைந்த காரே செடான் எனப்படுகிறது. அதன் பின்னறையைத் தமிழகம் முழுவதும் டிக்கி என்றே அழைக்கின்றனர். இந்த வகையில் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரையிலான எஞ்சினும் கொண்டவை இந்தியச் சந்தையில் நடுத்தர செடான்களாகக் கொள்ளப்படுகின்றன. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியனவும், 2014இல் வந்து 2025இல் விடைபெற்ற மாருதி சியாஸும் இவ்வகையின் அறியப்பட்ட பெயர்கள். டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் போன்றவை நான்கு மீட்டருக்குள் அடங்கிய சிறு செடான்கள். இவை வேறு வகையாயினும், நடுத்தர செடான் வாங்க எண்ணும் குடும்பம் இறுதியில் இவற்றில் ஒன்றை வாங்கித் திரும்புவது பெருவழக்காக இருப்பதால், இவற்றை விலக்கிவிட்டு ஆய்வு நடத்த இயலாது.

உத்திரமேரூரை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம் கார் வாங்கும் நிலப்பரப்பாவதற்கு வெகுமுன்பே கார் செய்யும் நிலப்பரப்பாகிவிட்டது. 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாராயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய், அடுத்த ஆண்டே ஆக்சென்ட் செடானையும் 2006இல் வெர்னாவையும் அங்கிருந்து வெளியிட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 1999 முதல் ஐகானையும் 2005 முதல் ஃபியஸ்டாவையும் செய்தது. ஒரகடத்திலிருந்து நிசான் சன்னி 2011இல் வந்தது. இந்தத் தொழிற்சாலைகளுக்கு உத்திரமேரூர், சாலவாக்கம், வாலாஜாபாத் பகுதி ஊர்களிலிருந்து வேலைக்குச் செல்லும் தலைமுறையே இன்று இவ்வட்டாரத்தின் முதன்மையான கார் வாங்குவோராகவும் உள்ளது. பிறர் ஓட்டுவதற்கெனச் செடான்களைப் பூட்டித் தந்த கைகள், தம் வீட்டுக்கு ஒன்றை எடுக்க வரும்போது சந்திக்கும் கேள்வி எளிதானதன்று.

புதியதா, பழையதா என்பதை விலைக் கேள்வியாக மட்டும் பேசுவது வழக்கம். கையிலுள்ள பணம் புதியதற்கு எட்டினால் புதியது, எட்டாவிட்டால் செகண்ட் ஹேண்ட் என்று அது இரண்டே வரியில் முடிக்கப்படுகிறது. வரி விகிதம், சாலையின் தரம், எரிபொருளில் நிகழ்ந்த மாற்றம், வண்டியின் கடந்த காலத்துக்குக் கிடைக்கும் கணக்கு ஆகிய நான்கையும் சேர்த்து நோக்கினால், அந்த விடை பல குடும்பங்களுக்குத் தவறாகவே போகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

வரியிலிருந்து தொடங்குவதே முறையாகும். 2006–07ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டம், 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் எனில் 1200 சி.சி.க்கும் டீசல் எனில் 1500 சி.சி.க்கும் மிகாத எஞ்சினும் உடைய கார்களைச் சிறு கார்கள் என வரையறுத்து, அவற்றின் உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அந்த ஒரு கோட்டின் விளைவாகவே செடான்களின் வால் வெட்டப்பட்டது. 2008இல் 4160 மில்லிமீட்டர் நீளத்துடன் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் 3995 மில்லிமீட்டராகக் குறுகியது. டாடா இண்டிகோ சி.எஸ். அதற்கு முன்பே அந்த வழியில் சென்றிருந்தது. ஓர் ஊர்தியின் வடிவத்தைப் பொறியாளரைவிட வரி அலுவலர் அதிகம் தீர்மானித்ததற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்களும் அதே கோட்டையே பின்பற்றுகின்றன: சிறு கார்களுக்கு 18 விழுக்காடு, கோட்டைத் தாண்டியவற்றுக்கு 40 விழுக்காடு. அதற்கு முன் மேல்வரியோடு சேர்த்து 45 விழுக்காடு கட்டிய நடுத்தர செடானுக்கு இது சற்றே ஆறுதல் என்றாலும், 29 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கிய சிறு பெட்ரோல் காருக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி முன்னைவிட விரிந்துவிட்டது.

இதன்மேல் மாநிலத்தின் வாழ்நாள் வரி சேர்கிறது. கார் பதிவாகும்போது பதினைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே தவணையில் வாங்கப்படும் சாலை வரியே வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இது 5 லட்சம் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு என நான்கு படிகளாக உள்ளது. படி மாறும்போது கூடுதல் தொகைக்கு மட்டுமன்றி முழு விலைக்கும் உயர்ந்த விகிதம் பொருந்துவதால், 10 லட்சத்துக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ 1.3 லட்சமாக இருக்கும் வரி, கோட்டைத் தாண்டியவுடன் 1.8 லட்சமாகத் தாவுகிறது. நடுத்தர செடான்களின் தொடக்க விலைகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்கின்றன.

காட்சியறை விலை 12 லட்சமாக உள்ள ஒரு நடுத்தர செடானை எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 3.43 லட்சம் மத்திய, மாநில அரசுகள் பகிரும் சரக்கு வரி, அதன்மேல் 2.16 லட்சம் வாழ்நாள் வரி. காப்பீட்டைக் கணக்கில் சேர்க்காமலே செலவாகும் 14.16 லட்சத்தில் 5.59 லட்சம், அதாவது நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பங்கு, வரியாகச் சென்றுவிடுகிறது. 8 லட்சத்துச் சிறு செடானில் இதே கணக்கு 9.04 லட்சத்துக்கு 2.26 லட்சம், நான்கில் ஒரு பங்கு. புதிய காரை ஷோரூம் வாசலைத் தாண்டி ஓட்டியதும் மதிப்பு விழுகிறது என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி இந்த வரியே. மறுவிற்பனையில் அதை எவரும் தனியே எண்ணித் திருப்பித் தருவதில்லை. ஆகவே வரிச் சுமை மிகுந்த வகையில்தான் செகண்ட் ஹேண்ட் வாங்குவோருக்கு ஆதாயம் மிகுதி. முதல் உரிமையாளர் கட்டிய வாழ்நாள் வரி வண்டியோடு கூடவே வருகிறது. மாநிலத்துக்குள் பெயர் மாறும்போது அது மீண்டும் கேட்கப்படுவதில்லை. பதிவு பெற்ற பழைய கார் வணிகர் தம் இலாபத் தொகையின் மீது மட்டும் 18 விழுக்காடு வரி கட்டுகிறார். அண்டை வீட்டாரிடம் நேராக வாங்கினால் அதுவும் இல்லை. சிறு செடானில் இந்த ஆதாயம் குறைவு என்பதோடு, அதற்குக் கிராமங்களில் உள்ள தேவையால் பழைய வண்டியின் விலையும் எளிதில் இறங்குவதில்லை. இதிலிருந்து ஒரு பொது விதியைக் கூறலாம்: சிறு செடானைப் புதிதாக வாங்குவதும், நடுத்தர செடானைச் சில ஆண்டு ஓடியபின் வாங்குவதும் வரிக்கணக்குக்கு உகந்தவை.

ஆனால் காகிதக் கணக்கு உத்திரமேரூரின் சாலையில் ஒருமுறை ஓடிப் பார்க்கப்பட வேண்டும். இந்த ஊரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி ஆகிய மூன்று ஊர்களும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வட்டத்தில் உள்ளன. அவற்றை இணைக்கும் சாலைகள் தாரிட்டவை. எனினும் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளின் பாரத்தில் அவற்றின் ஓரங்கள் சரிந்துகொண்டே இருக்கின்றன. உட்கிராமத்துச் சாலைகள் ஏரிக்கரைகளின் மீதும் வயல் வரப்புகளின் ஓரத்திலும் செல்பவை. இத்தகைய வழியில் செடானுக்கு எதிராக முதலில் சொல்லப்படும் குற்றம், அது அடி வாங்கும் என்பதே.

அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உயரத்தை நிறுவனங்கள் பெரும்பாலும் ஆள் ஏறாத வெற்று வண்டியில் அளந்து அறிவிக்கின்றன. ஸ்லாவியாவுக்கும் விர்டஸுக்கும் இது 179 மில்லிமீட்டர். சியாஸுக்கு 170, சிட்டிக்கு 165, 2024இல் வந்த டிசையருக்கு 163. இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வது பிழை. வேகத்தடையின் உச்சியில் உரசுவது வண்டியின் நடுப்பகுதி என்பதால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தொலைவையும் சேர்த்தே எண்ண வேண்டும். அத்தொலைவின் பாதிக்கு அடிஉயரம் எத்தனை விழுக்காடு என்று தோராயமாகக் கணக்கிட்டால், டிசையருக்கு 13.3, சிட்டிக்கு 12.7, விர்டஸுக்கு 13.5 என விடை கிடைக்கிறது. மிகத் தாழ்வாகத் தோன்றும் டிசையர், தன் குறுகிய உடலால் வேகத்தடையில் விர்டஸுக்கு ஏறக்குறைய இணையாகிறது. இந்தியச் சாலைக் கழகத்தின் நெறிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். விபத்து நடந்த மறுநாள் ஊரார் சிமென்ட்டால் கட்டியெழுப்பும் தடைக்கு அந்த நெறி தெரியாது. ஐந்து பேரும் ஓர் அரிசிச் சிப்பமும் ஏறிய பின் எந்தச் செடானும் சில சென்டிமீட்டர் தாழ்கிறது என்பதால், வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது விற்பனையாளர் ஒருவரோடு மட்டும் நெடுஞ்சாலைக்குப் போவது பயனற்றது. குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு தம் தெருமுனை வேகத்தடையைக் கடந்து பார்ப்பதே சோதனை.

தாழ்ந்த அடிப்பகுதிக்கு இவ்வட்டாரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நகரத்தாருக்கென எழுதப்படும் கார் மதிப்புரைகளில் அது இடம்பெறுவதே இல்லை. அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையில் காயப்போடுவதும், கேழ்வரகு, கொள்ளு, உளுந்து ஆகியவற்றின் கதிரையும் கொடியையும் வண்டிச் சக்கரம் ஏறி மிதிக்கும்படி பரப்பிவைப்பதும் இங்கு வழக்கம். அந்தத் தாளும் வைக்கோலும் காரின் அடியில் சுருண்டு, புகைபோக்கிக் குழாயோடும், புகையிலுள்ள நச்சை எரித்துத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலத்தோடும் ஒட்டிக்கொள்கின்றன. ஓடும்போது அக்கலம் பல நூறு பாகை வெப்பத்தில் இருப்பதால், உலர்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ளக் கூடும். கதிர் மீது ஏறியே ஆக வேண்டிய நிலையில், கடந்தவுடன் நிறுத்தி அடியில் குனிந்து பார்த்துக் கழியால் இழுத்துவிடும் பழக்கம் உயரமான எஸ்.யு.வி. வைத்திருப்பவரைவிடச் செடான் வைத்திருப்பவருக்கே அதிகம் தேவைப்படும்.

மழைக்காலத்தில் பாலாறும் செய்யாறும் தரைப்பாலங்களை மூழ்கடிக்கும்போது தாழ்ந்த காற்றுக் குழாய் வழியே எஞ்சினுக்குள் நீர் புகுகிறது. காற்றைப்போல நீர் அழுத்தத்துக்கு இடங்கொடுக்காததால், பிஸ்டன் அதன்மேல் மோதி இணைப்புத் தண்டு வளைந்துவிடுகிறது. நின்றுபோன காரை மீண்டும் மீண்டும் கிளப்ப முயல்வதே இச்சேதத்தை முழுமையாக்குகிறது; சாதாரணக் காப்பீடு இதை ஏற்பதில்லை, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும்.

இத்தனை குறைகளுக்குப் பின்னும் செடான் ஏன் என்ற வினா எழுவது இயல்பே. நாட்டில் விற்கும் பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேல் எஸ்.யு.வி. வகையாகிவிட்டது. எனினும் கிராமத்துக் குடும்பத்தின் நீண்ட பயணம் பெரும்பாலும் சென்னை–திருச்சி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைகளில், மருத்துவமனைக்கோ கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ நிகழ்வது. அங்கே தாழ்ந்த எடைமையம் கொண்ட கார் திடீர்த் திருப்பத்தில் குறைவாகச் சாய்கிறது. குறைந்த காற்றுத் தடையால் பெட்ரோல் மிஞ்சுகிறது. பின் இருக்கையில் படுத்தபடி வரும் நோயாளிக்குக் குலுக்கல் குறைவு. வெர்னாவின் 528 லிட்டர், விர்டஸின் 521 லிட்டர், சிட்டியின் 506 லிட்டர் டிக்கிகளுக்கு முன், டிசையரின் 382 லிட்டர் சிறியது. சீர்வரிசைத் தட்டுகளோடு செல்லும் குடும்பம் இந்த வேறுபாட்டை முதல் பயணத்திலேயே உணரும். சி.என்.ஜி. உருளை பொருத்திய சிறு செடானில் அந்த இடமும் பெரும்பகுதி போய்விடுகிறது. செடானுக்கு எதிரான நியாயமான வாதம் ஒன்று உண்டு: அதன் இருக்கை தாழ்வானது. மூட்டுவலியுள்ள முதியவர் அதில் விழுந்து அமரவும் கைபிடித்து எழவும் நேர்கிறது. அத்தகைய பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் ஏறி இறங்கிப் பார்த்துச் சொல்வதே தீர்ப்பாகட்டும்; மற்ற அளவுகள் யாவும் அதற்குப் பிற்பட்டவை.

எரிபொருள் பற்றிய மரபான அறிவுரை இன்று காலாவதியாகிவிட்டது. அதிகம் ஓடுபவர் டீசல் வாங்க வேண்டும் என்பது இருபதாண்டுக் கால வழக்கு. ஆனால் சியாஸ் 2020இலும், வெர்னாவும் சிட்டியும் 2023இலும் டீசலைக் கைவிட்டன. விர்டஸும் ஸ்லாவியாவும் இந்தியாவில் டீசலோடு வரவே இல்லை. எனவே டீசல் நடுத்தர செடான் என்பது இப்போது பழைய வண்டி என்பதன் மறுபெயர். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்தில், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் 100 ரூபாய் விலையில் ஏறத்தாழ 71,000 ரூபாயும், 19 கிலோமீட்டர் தரும் டீசல் கார் 92 ரூபாய் விலையில் ஏறத்தாழ 48,000 ரூபாயும் குடிக்கும். 23,000 ரூபாய் மிச்சம் என்பது சிறு தொகையன்று. ஆயினும் பத்தாண்டு கடந்த டீசலில் டர்போவோ இன்ஜெக்டர்களோ ஒருமுறை கைவிட்டால் அந்த மிச்சம் பட்டறைக்குப் போய்ச் சேர்கிறது. 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பி.எஸ்.-6 நெறிக்குட்பட்ட டீசல் கார்களில், புகையின் கரித்துகளைச் சேர்த்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது எரிவதற்கு நீண்ட, வேகமான ஓட்டம் தேவை. உத்திரமேரூர் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

பெட்ரோலும் பழைய பெட்ரோலாக இல்லை. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த இ-20 எரிபொருளே 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது. எத்தனாலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், தூய பெட்ரோலை நோக்க இக்கலவையில் ஆறு, ஏழு விழுக்காடு ஆற்றல் குறைகிறது. அதைவிட முக்கியமானது, எத்தனால் ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் நாளடைவில் கெடுக்கக் கூடும், ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதாகும். 2023 ஏப்ரல் முதல் தயாராகும் கார்களின் பாகங்கள் இ-20ஐத் தாங்கும்படி அமைந்தவை. ஹோண்டா நிறுவனம் 2009 முதல் தான் செய்த கார்களின் பாகங்களும் தாங்கும் என அறிவித்துள்ளது. ஏனையவற்றில் 2023 ஏப்ரல் என்பதைப் பழைய கார் தேடுவோர் ஒரு கோடாகக் கொள்வது பொருந்தும்.

பாதுகாப்பும் அதே ஆண்டைத்தான் சுட்டுகிறது. விர்டஸும் ஸ்லாவியாவும் 2023 ஏப்ரலிலும், புதிய வெர்னா அதே ஆண்டு அக்டோபரிலும், டிசையர் 2024 நவம்பரிலும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. இந்தியாவின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. புதிய வெர்னாவும் டிசையரும் தம் மலிவான வகையிலும் ஆறு காற்றுப்பைகளோடு வருகின்றன. அதற்கு முந்தைய தலைமுறைகளில், தொடக்க வகைகளில் முன்னிருக்கைக்கு மட்டும் இரண்டு காற்றுப்பைகள் என்பதே பொது நிலை. சியாஸ் தன் ஆயுளின் பெரும்பகுதியை இரண்டோடு கழித்தது. வளைவில் வழுக்கும் காரைத் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடும் அன்று விலை உயர்ந்த வகைகளுக்கே உரியதாக இருந்தது. டிப்பர் லாரிகளோடு குறுகிய சாலையைப் பகிரும் ஓர் ஊரில் இது ஆடம்பரமாகக் கருதத்தக்கதன்று.

பழைய வண்டி எங்கிருந்து வருகிறது என்பதே இனி வரும் வினா. இதில்தான் ஏமாற்றங்கள் அதிகம். இவ்வட்டாரத்துச் சந்தைக்கு நான்கு வாய்க்கால்கள் உண்டு. முதலாவது, உள்ளூரில் கைமாறும் வண்டி. அதன் வரலாறு ஊருக்கே தெரியும். இரண்டாவது, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மகேந்திரா சிட்டி நிறுவனங்களுக்கு ஆளேற்றி ஓடிய டாக்சி. டி-போர்டு எனப்படும் மஞ்சள் எண்பலகையைக் கழற்றி, ஓன்-போர்டாக, அதாவது வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியாக மாற்றி விற்பது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் அது ஓடிய தொலைவு மீட்டரில் தெரியும் தொலைவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்றாவது, தில்லி வண்டி. பத்தாண்டு கடந்த டீசலும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோலும் தலைநகர வட்டாரத்தில் தடைக்கு உள்ளானதால், அவை தடையின்மைச் சான்றோடு தெற்கே வருகின்றன. புதுச்சேரிப் பதிவு வண்டிகளும் இவ்வழியில் சேரும். விலை மலிவாகத் தோன்றினும், தமிழ்நாட்டில் மறுபதிவுக்கும் வரிக்கும் ஆகும் தொகையைச் சேர்த்த பின்னரே அதை மலிவு எனலாம். நான்காவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கழித்துவிட்ட கார்களுள் சில, கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்குத் திரும்பின.

மூழ்கிய காரைக் கண்டறியப் பெருங்கருவி வேண்டாம். இருக்கைப் பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்தால் கடைசி முழத்தில் வண்டல் கறை இருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத் திருகுகளில் துரு தெரியும். தரைவிரிப்பை நீக்கினால் வாடை சொல்லும். ஓடிய தொலைவைப் பெடல் ரப்பரின் தேய்மானமும் ஸ்டீயரிங்கின் வழவழப்பும் உணர்த்தும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது எனக் கூறப்படும் 2021 வண்டியில் நான்கு டயர்களும் 2024இல் செய்தவையாக இருந்தால் விற்பவர் விளக்கம் தரட்டும். பானெட்டைத் திறந்தால் இருபுறமும் தெரியும் அப்ரான் தகட்டில் வெல்டிங் தடம் உள்ளதா என்பதை ஒரு நல்ல டிங்கர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பவர் பின்னர் வருந்துவது உறுதி.

இவை எல்லாவற்றையும்விட வலிமையானது கணக்கேடு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்வுக்கான தகுதிகளைச் சொல்லும்போது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படலாகாது என்று விலக்குகின்றன. அவருடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர். பழைய காருக்கு இந்த விதியைவிடச் சிறந்த சல்லடை இல்லை. நிறுவனச் சேவை மையத்தில் செய்த பணிகளின் பதிவு, காப்பீட்டில் இழப்பீடு கோரிய வரலாறு, எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை உள்ளதா என்பதைக் காட்டும் அரசின் ‘வாகன்’ இணையத்தளத்துப் பதிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குடத்துக்கு வெளியே நிற்கட்டும்.

பழுது பார்க்கும் வசதி குறித்துச் சில சொற்கள் போதும். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் நாட்டிலேயே பெரிய சேவை வலைப்பின்னல் உள்ளது. ஊர்ப் பட்டறைகளின் கையும் அவற்றுக்குப் பழகியது. டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் கொண்ட சிட்டியோ வெர்னாவோ பழைய வண்டியாக வாங்கத்தக்கவை. இரட்டைக் கிளட்ச் தானியங்கிகள் ஓட்டச் சுகமானவை, உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுதானால் செலவு கடுமை. உள்நாட்டு உற்பத்தியை 2021இல் கைவிடுவதாக அறிவித்த ஃபோர்டின் ஃபியஸ்டா போன்றவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவற்றின் தரக்குறைவு அன்று, உதிரிபாகம் பற்றிய அச்சமே.

பணம் வரும் விதமும் ஒரு காரணி. ஆலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் உண்டு. ஏழாண்டுத் தவணை அவருக்குப் பொருந்தலாம். நெல்லைக் கொள்முதல் நிலையத்திலும் கரும்பைப் படாளம் சர்க்கரை ஆலையிலும் போடும் விவசாயிக்குப் பணம் ஆண்டில் ஓரிரு முறை, அதுவும் தாமதமாக வருவது. மாதந்தோறும் ஐந்தாம் தேதி கேட்கும் கடன் அவருடைய வரவுக்கு ஒத்துவராது. பழைய காருக்கான கடனில் வட்டியும் புதியதைவிட அதிகம். அறுவடைப் பணத்தில் முழுத்தொகை கட்டி வாங்கத்தக்க வண்டியே அவருக்கு உரியது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின், 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான, முதல் ஓனரிடம் உள்ள, டி.என்.-21 அல்லது டி.என்.-19 பதிவுடைய, கணக்குப் பொருந்தும் பெட்ரோல் நடுத்தர செடானே இவ்வட்டாரக் குடும்பத்துக்கு முதல் தேர்வு. அது அகப்படாவிட்டால் பொறுத்திருக்கலாம். பொறுக்க இயலாதவர் புதிய சிறு செடானை எடுப்பது, பழைய பெரிய டீசலை எடுப்பதைவிட மேல். புதிய நடுத்தர செடான், அதைப் பத்தாண்டுக்கு மேல் தம்மிடமே வைத்து ஓட்டப்போகிறவருக்கு மட்டும் நட்டமில்லாதது.

பழைய காரை வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் தம் பெயரை ஏற்றக் காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் அதே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுவது இவ்வூர்ப் பக்கம் இன்னும் வழக்கில் உள்ளது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தபடி, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பாகிறவர், வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே.